முடித்த டிஜிட்டல் கேமை ஏன் விற்க முடியவில்லை, எம்.எம்.ஓ கணக்கை விற்றால் என்ன தப்பு?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கி, முடித்து, இனி திறக்கவே போவதில்லை என்று தெரிந்த கேம்களை, டிஸ்க் காலத்தில் விற்ற மாதிரி இன்னொருவருக்கு விற்க ஏன் விடுவதில்லை, என்றைக்காவது விடுவார்களா என்பது முதலாவது. பல வருடம் ஆடிய எம்.எம்.ஓ (பெருங்கூட்டம் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்) ஒன்றை நிறுத்தப் போகிறீர்கள், அந்தக் கணக்கை நல்ல விலைக்கு ஒருவர் கேட்கிறார், கொடுத்தால் என்ன தப்பு என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆதங்கம்தான்: காசும் என்னுடையது, நேரமும் என்னுடையது, அப்படியானால் இதில் எனக்கென்று என்ன உரிமை இருக்கிறது? ஆதங்கம் ஒன்றாக இருந்தாலும் என் பதில் ஒன்றாக இருக்காது. முதல் விஷயத்தில் சில வரம்புகளோடு உங்கள் பக்கம் நிற்கிறேன். இரண்டாவதில் விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. சர்வர், உரிமச் சரிபார்ப்பு சம்பந்தப்பட்ட மென்பொருள் வேலையில் இருப்பவன், ஒரு கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் ஆன்லைன் ஆர்.பி.ஜி ஆட ஆரம்பித்து நெடுங்காலம் ஆகிவிட்டது, அதில் பெரும்பகுதி கில்டு என்ற ஆட்டக்காரர் குழுவை நடத்துவதிலேயே போனது. தீர்ப்புகளைப் பற்றிச் சொல்வது அவற்றைப் படித்துச் சொல்வது, அது உறுதி. சந்தை எப்படி மாறும் என்று சொல்லும் இடமெல்லாம் என் கணிப்பு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள் 'ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது, ஒரு பெரிய கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கில் பதிப்பகம் தோற்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதி அடுத்து யாரிடம், என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை விற்றவருக்குக் கிடையாது என்பதுதான் சாரம். அமெரிக்காவில் பழைய புத்தகக் கடையும் பழைய கேம் டிஸ்க் வியாபாரமும் இந்த 'முதல் விற்பனை'க் கொள்கையை வைத்துத்தான் நடக்கின்றன, மற்ற பல நாடுகளிலும் இதற்கு இணையான விதி உண்டு. ஆனால் அது செல்லுபடியாக இரண்டு விஷயங்கள் வேண்டும்: நடந்தது விற்பனையாக இருக்க வேண்டும், கைமாறுவது அதே பிரதியாகவும் இருக்க வேண்டும். டிஜிட்டல் கேம் இரண்டிலும் வழுக்கிவிடுகிறது. 2010-இல் வெர்னர் என்பவருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், பழைய மென்பொருள் பெட்டிகளை ஈபேயில் விற்றவரிடம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, பெட்டியை முதலில் வாங்கியவரே உரிமையாளர் கிடையாது, வெறும் உரிமம் பெற்றவர், அதனால் அவரிடமிருந்து வாங்கிய உங்களுக்கும் விற்கும் உரிமை வராது என்று. 2018-இல் ரீடிஜி வழக்கு இரண்டாவது கதவையும் மூடியது. அந்த நிறுவனம் பழைய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்தது, விற்றவர் கணினியிலிருந்து கோப்பு அழிந்துகொண்டே வாங்கியவர் பக்கம் போகும்படி ஏற்பாடும் செய்திருந்தது. இருந்தும் நீதிமன்றம், போய்ச் சேருவது ஒரு புதிய நகல், நகலெடுக்க உனக்கு அனுமதி இல்லை என்று முடித்துவிட்டது.

ஐரோப்பாவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி ஆரம்பித்தது, அதனால்தான் 'ஐரோப்பாவில் விற்கலாமாமே' என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். 2012 ஜூலையில் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையில்லாத உரிமத்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் அது விற்பனைதான், இறக்கிய மென்பொருளையும் மறுபடி விற்கலாம் என்று சொன்னது. நாங்கள் எல்லாம் அன்றைக்கு அடுத்தது கேம்தான் என்று நினைத்தோம். 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம், யூ.எஃப்.சி க்யூ ஷுவாசிர் என்ற நுகர்வோர் அமைப்பு ஸ்டீமை நடத்தும் வால்வ் மேல் போட்ட வழக்கில், ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யத் தடை போட முடியாது என்று தீர்ப்பும் கொடுத்தது. அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது, ஆனால் அதற்குப் பிறகு நடந்தது யார் காதிலும் விழவில்லை. அதே வருடம் டிசம்பரில் மின்னூல் மறுவிற்பனையை ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2022 அக்டோபரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் வால்வ் பக்கம் திரும்பியது, 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காரணம் என்ன சொன்னார்கள் என்பது முக்கியம். கேம் என்பது வெறும் கணினி நிரல் கிடையாது, அதில் படமும் இசையும் கதையும் சேர்ந்திருக்கின்றன, அதனால் மென்பொருளுக்கான விதி இதற்கு முழுசாகப் பொருந்தாது என்பது ஒன்று. டிஜிட்டல் கேம் பழசானாலும் தேயாது, அதனால் பழைய கேம் சந்தை ஒன்று வந்தால் படைத்தவர்களுக்கு வரும் நஷ்டம் மென்பொருளை விட அதிகம் என்பது இன்னொன்று. ஆக இன்றைய நிலவரப்படி உங்கள் முதல் கேள்விக்குச் சட்டத்தின் பதில்: விற்க முடியாது, சீக்கிரத்தில் நீதிமன்றம் வழியாக மாறும் அறிகுறியும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது, டிஜிட்டல் கடைகள் நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. வாங்கும் பக்கத்திலேயே ஸ்டீம் அந்த வரியைப் போட்டிருக்கிறது. நேர்மையான நடவடிக்கைதான், ஆனால் உங்கள் நிலைமையில் அது எதையும் மாற்றவில்லை.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். என் வேலையே இது சம்பந்தப்பட்டது என்பதால் உறுதியாகச் சொல்கிறேன், ஒரு கணக்கின் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்து இன்னொரு கணக்கில் சேர்ப்பது கஷ்டமான காரியமே இல்லை. 2010-இலேயே கிரீன் மேன் கேமிங் தன் கடையில் வாங்கிய சில டிஜிட்டல் கேம்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கேமுக்குக் கழிவு கொடுத்தது. 2018-இல் அறிவிக்கப்பட்ட ரோபோட் கேஷ் என்ற கடை, முடித்த கேமை விற்றால் விலையில் 25 சதவீதம் விற்றவருக்கு, பெரும்பங்கு வெளியீட்டாளருக்கு என்று திட்டம் போட்டது. இரண்டுமே பெரிதாக எடுபடவில்லை, ஏனென்றால் பெரிய வெளியீட்டாளர்கள் தங்கள் புதிய கேம்களோடு அந்தப் பக்கம் வரவில்லை. 2025-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில், வாங்கிய டிஜிட்டல் கேமை ஒரு 'மெய்நிகர் கார்டு' ஆக்கி, குடும்பக் குழுவில் இருப்பவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்கும் வசதி வந்தது. கொடுத்திருக்கும் காலத்தில் உங்களால் ஆட முடியாது, இரண்டு வாரம் முடிந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும். மறுவிற்பனைக்குத் தேவையான எல்லாமே இதற்குள் இருக்கிறது, திரும்பி வருவதை நிறுத்தினால் போதும்.

சரி, அப்புறம் ஏன் விடுவதில்லை? இங்கிருந்து என் கணிப்பு. வெளியீட்டாளர்களின் பயத்தைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை. பழைய டிஸ்க்கில் கீறல் இருக்கும், வாங்க ஒரு கடைக்குப் போக வேண்டும், கிடைக்காமலும் போகலாம். டிஜிட்டல் பழைய பிரதியில் இந்தத் தடை ஒன்றுமே இல்லை. புதியதற்கும் பழையதற்கும் அணு அளவு வித்தியாசம் கிடையாது, அதே பக்கத்தில் அதே பட்டனுக்குப் பக்கத்தில் குறைந்த விலையில் நிற்கும், யார்தான் புதியதை வாங்குவார்கள்? நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு கதை கேமை நினைத்துப் பாருங்கள். காலையில் வாங்கியவர் மதியம் விற்பார், மதியம் வாங்கியவர் இரவு விற்பார், ஒரே வாரத்தில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் ஆடிவிடலாம். இதில் அடிபடுவது பெரிய நிறுவனங்கள் கிடையாது, இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து வருடக்கணக்கில் செய்த சின்ன கேம்கள்தான். பெரிய நிறுவனங்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளும், பார்த்தும் இருக்கின்றன: 2010 வாக்கில் ஈ.ஏ பழைய டிஸ்க் வாங்கியவர்களிடம் ஆன்லைனில் ஆட 'ஆன்லைன் பாஸ்' என்று தனியாகக் காசு வாங்க ஆரம்பித்து, 2013-இல் அதைக் கைவிட்டது. அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கைக் கணக்கோடு கட்டிப்போட்டு மறுவிற்பனைக்குக் கட்டுப்பாடு வைக்கப் பார்த்தது, கிளம்பிய எதிர்ப்பில் கன்சோல் கடைக்கு வரும் முன்பே ஜூன் மாதத்தில் பின்வாங்கியது. கட்டுப்பாடே இல்லாத மறுவிற்பனை நாளைக்கே வந்தால், முடிவு என்று ஒன்று இருக்கும் கேம்கள் குறைந்து, முடிவே இல்லாமல் மாதாமாதம் காசு கறக்கும் கேம்கள் பெருகும் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றையாள் ஆர்.பி.ஜிகளை உயிராக நினைக்கும் எனக்கு அது வேண்டாம்.

அதற்காக ஒரேயடியாகக் கூடாது என்பதையும் ஏற்க மாட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான்: கேம் வெளியாகி ஒரு வருடம் கழித்து, அதே கடையின் வழியாகவே, ஒரு உரிமத்தை ஒரு முறை மட்டும் இன்னொருவருக்கு மாற்றலாம், விற்ற தொகையில் பாதி கேம் செய்தவர்களுக்குப் போகட்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு எப்படியும் பாதி விலைத் தள்ளுபடியில்தான் விற்கிறார்கள், பழைய பிரதி அதோடு போட்டி போடுவதால் யாரும் நொடித்துப் போக மாட்டார்கள். வாங்கியவருக்கோ முழு விலை கொடுக்கும்போதே பின்னால் கொஞ்சம் திரும்பும் என்ற தைரியம் இருக்கும், அது புதிய கேம் வாங்குவதைக் கூட்டவும் செய்யலாம். இந்த 'செய்யலாம்' எங்கும் பெரிய அளவில் சோதிக்கப்படாத ஒன்று, அதனால் அதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். விற்பனையை விடவும் நான் முதலில் கேட்பது வேறு ஒன்று. இறந்தவரின் லைப்ரரி பிள்ளைக்குப் போக வேண்டும். இதற்குச் சந்தையும் கெடாது, சின்னக் குழுக்களும் பாதிக்கப்படாது, இருந்தும் ஸ்டீம் ஒப்பந்தம் கணக்கை யாருக்கும் மாற்றக் கூடாது என்கிறது. இதை நியாயப்படுத்தும் ஒரு வாதத்தைக்கூட இதுவரை நான் கேட்டதில்லை.

இடையில் இன்னொன்று. டிஸ்க் வாங்கினால் கவலையில்லை என்று உங்கள் கேள்விக்குக் கீழே சிலர் எழுதியிருக்கிறார்கள். பாதிதான் சரி. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வர் 2024 மார்ச் 31-இல் அணைக்கப்பட்டபோது, தனியாக ஓட்டவும்கூட சர்வர் தேவை என்று அமைத்திருந்ததால், அலமாரியில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் கேம் போய்விட்டது. ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம் கீ கார்டு'களில் கேமே இருக்காது, இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டும்தான் இருக்கும். அவற்றை விற்கலாம், கைமாற்றலாம், அதுவரை நல்லதுதான். ஆனால் இறக்கித் தரும் சர்வர் இருக்கும் வரைதான் அந்தப் பிளாஸ்டிக்குக்கு மதிப்பு. டிஸ்க்கில் முழு கேமும் இருக்கிறதா, இணையம் இல்லாமல் ஓடுமா என்று பார்த்து வாங்கினால்தான் டிஸ்க்கால் பயன்.

இப்போது உங்கள் எம்.எம்.ஓ கணக்கு. ஒற்றையாள் கேமை விற்றால் வாங்கியவர் பெறுவது நீங்கள் பெற்ற அதே கேம், உங்கள் அடையாளம் எதுவும் அதில் ஒட்டியிருக்காது. எம்.எம்.ஓ கணக்கில் இருப்பது கவசமும் ஆயுதமும் லெவலும் மட்டும் இல்லை. அந்தப் பெயரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வரும் நம்பிக்கையும் அதில் இருக்கிறது, அதைச் சம்பாதித்தது நீங்கள், கொடுத்தது அவர்கள். எங்கள் கில்டில் ஒரு ஹீலர், அதாவது மற்றவர்களைக் குணப்படுத்துபவர், இருந்தார். ரெய்டு என்ற கூட்டுச் சண்டையில், முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க் அடி வாங்குவதற்கு ஒரு கணம் முன்பே ஹீலர் அவர் மேல் கவசம் போட்டுவிடுவார், நாங்கள் யாரும் வாய்திறந்து கேட்டதே இல்லை. ஒரு நாள் அவர் கொஞ்சம் தாமதமாக வந்தார், வழக்கமாகச் சொல்லும் வணக்கம் இல்லை, குரல் அரட்டையில் மைக் வேலை செய்யவில்லை என்று எழுதினார். முதல் சண்டையிலேயே தெரிந்துவிட்டது. உயிர் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் குணப்படுத்தும் மந்திரம் வருகிறது, அதுவும் தப்பான ஆளுக்கு. சண்டை நடுவில் நிற்கும் இடம் மாறியிருந்தது, அவர் எப்போதும் பாஸ் என்ற பெரிய எதிரியின் வலது பக்கத் தூணை ஒட்டி நிற்பார். மூன்றாவது முறை எல்லோரும் செத்து விழுந்த பிறகு, எங்கள் டேங்க் அவரிடம் தனியாகப் பழைய ரெய்டு ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், பதிலே வரவில்லை. மறுநாள் காலையில் கில்டு பெட்டகம் காலி. மருந்து, தாது, பல மாதமாகச் சேர்த்த தங்கம், எல்லாமே. அந்தக் கணக்குக்குப் பெட்டகத்தைத் திறக்கும் அதிகாரம் இருந்தது, ஏனென்றால் அந்தப் பெயருக்கு நாங்கள்தான் கொடுத்தோம். பொருளைப் பாதி நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. ஆட்கள் திரும்பவில்லை, அந்த மாதத்திலேயே இரண்டு பேர் கில்டை விட்டுப் போனார்கள், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே. விற்ற நண்பர் கெட்டவர் இல்லை, பணமுடையில் இருந்தார், வாங்குபவர் ஏதோ ஆடுவார் என்றுதான் நினைத்திருந்தார்.

அதற்காகக் கணக்கு வாங்குபவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறும் களைப்பில்லாமல் நேராக உச்சிக்குப் போக நினைக்கும் சாதாரண ஆள்களும் இருக்கிறார்கள். ஆனால் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி இல்லை, உங்கள் கில்டு நண்பர்களுக்கு அதைவிட இல்லை. இதோடு நடைமுறை ஆபத்தும் உண்டு. கணக்கைத் திறந்தவர் என்ற முறையில் முதல் ரசீது, பழைய மின்னஞ்சல் எல்லாம் காட்டி நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மீட்டுவிடலாம் என்று வாங்குபவருக்குத் தெரியும். அதனால் அவர் உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்துக் கேட்பார், சில நேரம் அடையாள ஆவண நகலையும் கேட்பார். பணம் கொடுத்துவிட்டு வங்கியில் புகார் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்பதால் நிறுவனத்திடம் போய் முறையிடவும் முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 'அதெல்லாம் வெறும் எண்கள், அதற்கு மதிப்பே இல்லை' என்று நிறுவனங்கள் சொல்வது எடுபடாது. 2012 ஜனவரியில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், ஒரு சிறுவனை அடித்து மிரட்டி ரூன்ஸ்கேப் என்ற எம்.எம்.ஓவில் அவனிடமிருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் பறித்துக்கொண்டதைத் திருட்டுதான் என்று தீர்மானித்தது. அவற்றைச் சம்பாதிக்க அவன் செலவிட்ட நேரத்தையும் உழைப்பையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. ஆனால் திருடப்படக்கூடிய பொருள் என்பதாலேயே விற்கப்படக்கூடிய பொருள் ஆகிவிடாது, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுபவர்கள் நிறைய.

விற்பனையை விளையாட்டுக்குள்ளேயே அனுமதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்பது எந்தத் தத்துவத்தை விடவும் உதவும். 2005-இல் சோனி, எவர்குவெஸ்ட் 2 என்ற எம்.எம்.ஓவின் சில சர்வர்களில் மட்டும் உண்மைப் பணத்துக்குப் பொருள் விற்கும் சந்தையை அதிகாரபூர்வமாக நடத்தியது. 2012 ஜூனில் பிளிஸார்டு நிறுவனம் தன் டயப்லோ 3 கேமில் கொண்டுவந்தது உண்மைப் பண ஏலக்கூடம். நானும் அதில் விற்றேன், முதல் சில நாள் பரபரப்பாக இருந்தது. அப்புறம் பார்த்தால் யாரும் அரக்கனைக் கொல்லவில்லை, எல்லோரும் ஏலப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே விழும் வாளை எடுத்ததும் எழும் சந்தோஷம் போய், இது எவ்வளவுக்குப் போகும் என்ற கணக்கு வந்துவிட்டது. அந்த கேமின் அடிப்படையே கொன்று பொருள் எடுப்பதுதான், அதையே இது அரிக்கிறது என்று பிளிஸார்டே ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18-இல் மூடிவிட்டது.

ஈவ் ஆன்லைன் என்ற எம்.எம்.ஓ எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே கதாபாத்திரத்தையே விற்க அதிகாரபூர்வமான சந்தை உண்டு. ஆனால் விளையாட்டுக்குள் இருக்கும் ஐ.எஸ்.கே என்ற பணத்துக்குத்தான் விற்கலாம், உண்மைப் பணம் புழங்கினால் தடை. விற்பனை எல்லோரும் பார்க்கும் இடத்தில் அறிவிக்கப்படும், அந்தக் கதாபாத்திரம் எந்தெந்த அமைப்பில் இருந்தது என்ற வரலாறும் பெயரோடு கூடவே போகும். அதாவது ஆள் மாறியது மற்றவர்களுக்குத் தெரிய வழி இருக்கிறது, எங்கள் கில்டுக்கு நடந்த மாதிரி இருட்டில் நடக்காது. விளையாட்டுப் பணத்தை உண்மைக் காசுக்கு விற்பவர்களைச் சமாளிக்கவும் ஈவை நடத்துபவர்கள் 2008-இலேயே ப்ளெக்ஸ் என்ற சந்தாச் சீட்டைக் கொண்டுவந்தார்கள், அதே யோசனைதான் 2013-இல் ரூன்ஸ்கேப்பின் பாண்டு, 2015-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டின் டோக்கன். ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை இன்னொருவர் விளையாட்டுத் தங்கத்துக்கு வாங்கி அதைச் சந்தாவாக மாற்றிக்கொள்கிறார், காசு வெளியே போவதே இல்லை. தானாக ஆடித் தங்கம் சேர்க்கும் பாட் நிரல்களை ஓட்டுபவர்கள் இதனால் ஒழிந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஆனால் காசு இல்லாதவரும் நேரம் இல்லாதவரும் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் கொடுக்கல் வாங்கல் செய்ய ஒரு நேர்வழி கிடைத்தது.

எம்.எம்.ஓ ஆடுபவர்கள் போராடிக் கேட்க வேண்டிய உரிமை மறுவிற்பனை இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் வேறு. எங்களுக்கு நேரும் பெரிய நஷ்டம் விற்க முடியாமல் போவதால் வருவதில்லை, ஒரு நாள் சர்வரை அணைத்துவிடுவதால் வருகிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற எம்.எம்.ஓ 2012 நவம்பர் 30-இல் அணைந்தது. ஆடியவர்கள் காசு கொடுத்து நடத்தத் தயாராக இருந்தும் கேட்பாரில்லை. பிறகு ரசிகர்கள் ரகசியமாகவும், அப்புறம் பகிரங்கமாகவும் தாங்களே சர்வர் வைத்து ஓட்டினார்கள், அதில் ஹோம்கமிங் என்ற குழுவுக்கு 2024 ஜனவரியில் கேமின் உரிமையாளரான என்.சி.சாஃப்ட் முறையான உரிமமே கொடுத்தது. வார்கிராஃப்ட்டின் பழைய வடிவத்தை ஓட்டிய நோஸ்டால்ரியஸ் என்ற ரசிகர் சர்வர் சட்ட மிரட்டலில் 2016 ஏப்ரலில் மூடப்பட்டது, இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து குவிந்தது, மூன்றே வருடத்தில், 2019 ஆகஸ்டில், பிளிஸார்டே கிளாசிக் சர்வர்களைத் திறந்தது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனும் 1999-இல் வந்த எவர்குவெஸ்ட்டும் இன்னும் ஓடுகின்றன, அதனால் செலவு தாங்காது என்பது எப்போதும் உண்மையான காரணம் இல்லை. 'தி க்ரூ' மூடலுக்குப் பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பதும் இதுதான்: ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பாவில் அதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. பெரிய எம்.எம்.ஓவின் சர்வர் நிரலை வெளியே கொடுப்பது லேசான வேலை இல்லை, அதற்குள் மற்ற நிறுவனங்களின் உரிமம் பெற்ற பகுதிகள் பின்னிக் கிடக்கும், அது நான் கண்ணால் பார்த்த விஷயம். அதனால் பழைய கேம்களுக்கு இதைப் பின்தேதியிட்டுக் கட்டாயமாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. புதிதாகச் செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே முடிவையும் சேர்த்துத் திட்டமிடலாம், அதைக் கேட்பதில் அநியாயம் ஏதுமில்லை.

உங்கள் விஷயத்தில் என்ன செய்யலாம்? லைப்ரரியில் இருப்பதை விற்க வழியில்லை, ஆனால் ஸ்டீமின் குடும்ப வசதியில் வீட்டில் இருப்பவர்கள் அவற்றை ஆடலாம், அமைத்துக் கொடுங்கள். இனி வாங்கும்போது, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்பதை நினைவில் வைத்து, முதல் இரண்டு மணி நேரத்திலேயே பிடிக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். ஒருமுறை ஆடி விற்கப்போகிற கேம் என்று தோன்றினால் முழு கேமும் இருக்கும் டிஸ்க்காகப் பாருங்கள். என்றைக்கும் வைத்திருக்க நினைப்பதை ஜி.ஓ.ஜி மாதிரி, நிறுவும் கோப்பையே இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளவிடும் கடையில் வாங்குங்கள். கேமைத் திறக்கும் கீ எண்களை அதிகாரபூர்வமில்லாமல் விற்கும் கிரே மார்க்கெட் பக்கம் போகாதீர்கள், திருட்டு அட்டையில் வாங்கிய கீ அங்கே புழங்குகிறது, பின்னால் ரத்தானால் நஷ்டம் உங்களுக்கும் கேம் செய்தவருக்கும்தான்.

எம்.எம்.ஓவை நிறுத்துவது என்று முடிவாகிவிட்டால் கணக்கை உங்கள் பெயரிலேயே விட்டுவிடுங்கள். சந்தாவை ரத்து செய்யும் முன் கில்டு தலைமை உங்களிடம் இருந்தால் மாற்றிக் கொடுங்கள், சேர்த்த தங்கமும், கைமாற்ற முடிந்த பொருளும் உங்களோடு ஆடியவர்களுக்குப் போகட்டும், காசு வாங்காமல் கொடுப்பதைப் பொதுவாக ஒப்பந்தங்கள் தடுப்பதில்லை. பெட்டகத்தைத் திறக்கும் உங்கள் அதிகாரத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், நாளைக்குக் கணக்கை யாராவது உடைத்து நுழைந்தாலும் அவர்களுக்கு ஆபத்தில்லை. விளையாட்டுக்குள் வீடு வைத்திருந்தால் அதன் விதியைப் படியுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் 45 நாள் வீட்டுக்குள் போகாமல் இருந்தால் இடித்துவிடுவார்கள், அதனால் உள்ளே இருப்பவற்றை முதலில் வெளியே எடுத்துவிட்டு அப்புறம் சந்தாவை நிறுத்துங்கள்.